கரையில் ஓர் ஆள்

மெட்ராஸிலிருந்து தபாலில் வந்த விதிகளை நின்ற வாக்கிலேயே படித்து முடித்தேன். கடலில் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். அதெல்லாம் எனக்குப் பயமாக இல்லை. கடைசியில் இருந்த ஒரு விதிதான் பயமுறுத்தியது. போட்டியாளர் ஒவ்வொருவரும் தன்னோடு ஓர் ஆளை அழைத்துவர வேண்டும். அந்த ஆள் கையில் சிவப்புத் துணியோடு கரையில் நின்று, தான் கூட்டிவந்தவன்மேல் மட்டும் கண் வைத்திருக்க வேண்டும். அவன் தண்ணீரில் தவிக்கிறான் என்று தெரிந்தால் துணியைத் தூக்க வேண்டும். படகு போகும், அவனுடைய போட்டி அத்தோடு முடிந்தது. ஆள் இல்லாமல் வருகிறவர்களுக்குத் தண்ணீரில் இறங்க அனுமதி கிடையாது.

எனக்காக ஒரு காலை நேரம் கரையில் நிற்கக்கூடிய ஓர் ஆள். தென்னூர் மாடி அறையில் கட்டிலில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. கோபம் வந்தது. எனக்கு எதுவானாலும் முதலில் கோபம்தான் வரும். வருத்தம் பின்னால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நிதானமாக வந்து சேரும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். அம்மா போனபிறகு அண்ணன் கே.கே. நகரில் வீடு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். என்னையும் கூப்பிட்டார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் புது வீட்டைச் சுற்றிக் காட்டியபோது ஜெபம் செய்யும் இடம், தையல் மிஷின் வைக்கும் இடம் எல்லாம் காட்டினாரே தவிர, என் கட்டில் எங்கே வரும் என்று காட்டவில்லை. நான் புரிந்துகொண்டேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் மஸ்கட்டுக்கும் துபாய்க்கும் போயிருந்தார்கள். மீதிப் பேருக்குக் கல்யாணமாகிவிட்டது. வழியில் பார்த்தால் கையிலிருக்கும் பையைத் தூக்கிக் காட்டி, வீட்டில் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நடப்பார்கள்.

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த ஒருவன் விட்டுவிட்டுப் போன இங்கிலீஷ் பத்திரிகையில்தான் இப்படி ஒரு போட்டி உலகத்தில் உண்டு என்பதையே முதலில் படித்தேன். ஏதோ ஒரு தீவு. கடலிலிருந்து தள்ளாடி எழுந்து வரும் ஒருவனின் படம். அவனைச் சுற்றி யாருமே இல்லை. அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட ஆடப் பத்துப் பேர் வேண்டாம், எதிரில் நின்று பந்து போட ஒருவர் வேண்டாம். என் மாதிரி ஆளுக்கென்றே யாரோ கண்டுபிடித்த விளையாட்டு என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் நெடுந்தூர ஓட்டத்தில் பரிசு வாங்கியிருக்கிறேன். சைக்கிள் என் காலோடு ஒட்டிப் பிறந்தது. காவிரியில் குளித்து வளர்ந்தவனிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்டால் அடிக்க வருவான். மூன்றும் கையில் இருக்கின்றன, கோக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தேன். மெட்ராஸில் ஒரு கிளப் அதே போன்ற போட்டியை அடுத்த வருஷம் ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நடத்தப்போவதாகப் பேப்பரில் பார்த்ததும் எழுதிப் போட்டேன். வந்த பதிலில்தான் அந்த விதி இருந்தது. தனி ஆளுக்கான விளையாட்டுக்குத் துணைக்கு ஆள் கேட்கிறார்களே என்று அறைக்குள் நின்று சத்தமாகவே திட்டினேன்.

பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டேன். கடலில் எதற்கு சார் நீந்தணும், போட் இருக்கே என்றார். மாதா கோயில் பாடற்குழுவில் இருந்த ஒருவரிடம் கேட்டேன். எனக்காக வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். கடைசியில் அண்ணனிடம் போனேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "பாக்கலாம்டா" என்றார். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். அது தெரிந்தும் நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதை எடுத்துக்கொள்வது?

மேட்டூரில் தண்ணீர் திறந்து காவிரி நுங்கும் நுரையுமாக வந்து, ஆடிக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு பயிற்சியை ஆரம்பித்தேன். ஆற்றில் நெடுந்தூரம் நீந்துகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. குளத்தில் இறங்கிய இடத்திலேயே ஏறலாம். ஆற்றில் முத்தரசநல்லூரில் இறங்கினால் ஓடத்துறையில்தான் ஏற வேண்டும். சட்டையும் வேட்டியும் செருப்பும் முத்தரசநல்லூரிலேயே கிடக்கும். சின்ன வயதில் கூட்டமாகப் போவோம். யாராவது ஒருவன் துணிகளையெல்லாம் மூட்டை கட்டி சைக்கிளில் வைத்துக்கொண்டு முன்னால் போய்விடுவான். இப்போது அந்த ஒருவன் இல்லை. அதனால் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். சைக்கிளையும் துணியையும் ஓடத்துறை டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு, பழைய கைலி ஒன்றை மட்டும் கட்டிக்கொண்டு, டிக்கெட்டுக்கான சில்லறையை அதன் ஓரத்தில் முடிந்துகொண்டு, வெற்று மார்பும் வெறுங்காலுமாகக் கரூர் ரோட்டில் பஸ் ஏறுவேன். முத்தரசநல்லூரில் இறங்கியதும் கைலியை முண்டாசாகத் தலையில் சுற்றிக்கொண்டு ஆற்றில் விழுவேன்.

முதல் நாள் கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, நீந்தப் போகிறேன் என்றேன். அவர் இன்னும் கவலையாகப் பார்த்தார். அதன்பிறகு ஆவணி வெயில் அடித்தாலும் ஐப்பசி மழை பெய்தாலும் அந்த பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் காலியாகவே வரும். வெற்று மார்போடு வரும் கைலிக்காரன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

தண்ணீருக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பாதி தூரம் வந்ததும் எதிரே மலைக்கோட்டை தெரியும். இடது பக்கம் தென்னந்தோப்புகளுக்கு மேலே, அப்போது கட்டிக்கொண்டிருந்த ராஜகோபுரத்தின் சாரம் தெரியும். அம்மாமண்டபத்தைத் தாண்டும்போது மட்டும் மனிதக் குரல்கள் கேட்கும். துலா மாசத்தில் ஒரு காலை, படித்துறையில் ஸ்நானம் செய்துகொண்டிருந்தவர்களில் யாரோ என் முண்டாசையும் முதுகையும் பார்த்துவிட்டு, ஏதோ பிரேதம் ஒதுங்குகிறது என்று பதறியிருக்கிறார். "பிரேதமில்லை ஓய், கையை வீசறான் பாரும். யாரோ பைத்தியம்" என்று இன்னொருவர் சமாதானம் சொன்னது காதில் விழுந்தது. சிரித்ததில் தண்ணீர் குடித்துவிட்டேன். ஓடத்துறையில் ஏறியதும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. டீக்கடைக்காரர் பாலாற்றிக்கொண்டிருந்தார், கடையில் கூட்டம். சொல்லாமலேயே சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அன்று முழுவதும் அந்தச் சிரிப்பு என்னிடமே இருந்து புளித்துப்போனது.

தூரத்தைப் பொறுத்தவரை எனக்கு இருந்த தலைக்கனத்துக்கு அளவே இல்லை. எங்கள் ஊரில் நீச்சலைத் துறைக்கணக்கில்தான் சொல்வோம். அந்தத் துறையில் விழுந்து இந்தத் துறையில் ஏறினேன் என்றால் அவ்வளவு தூரம் நீந்தினதாக அர்த்தம். யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். முத்தரசநல்லூரிலிருந்து ஓடத்துறை என்பது கடலில் அவர்கள் கேட்ட தூரத்தைப் போல ஒன்றுக்கு இரண்டு இருக்கும். ஏறும்போது மூச்சுகூட வாங்காது. மெட்ராஸ்காரர்கள் நீச்சல் குளத்தில் முன்னும் பின்னும் போய் என்ன கிழித்துவிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து மேட்டூரை மூடினார்கள். ஆறு சுருங்கி மணல் தெரிய ஆரம்பித்தது. அதற்குள் சைக்கிள் பயிற்சிக்காகக் கொள்ளிடம் தாண்டி துறையூர் ரோட்டில் போகப் பழகியிருந்தேன். திருவெள்ளறைக்குச் சற்று முன்னால், ரோட்டை ஒட்டி வயலில் பெரிய சதுரக் கிணறு ஒன்று உண்டு. கருங்கல் கட்டு, உள்ளே இறங்கப் படி, மேலே மோட்டார் கொட்டகை. ஒரு நாள் தண்ணீர் குடிக்க இறங்கியவன், உள்ளே எட்டிப் பார்த்ததும் கேட்டுவிட்டேன், இதில் நீந்தலாமா என்று.

கிணற்றுக்குச் சொந்தக்காரர் என் வயதுதான் இருப்பார். ஒன்றிரண்டு கூட இருக்கலாம். மோட்டார் கொட்டகை வாசலில் குந்தியிருந்தவர் எழுந்திருக்கவில்லை. எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். பிறகு மனிதர்கள் சுற்றி வளைத்துக் கேட்கிற அந்தக் கேள்வியையும் கேட்டார். சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்றேன். கொஞ்ச நேரம் கிணற்றைப் பார்த்துவிட்டு, வயலுக்குப் போகிற தண்ணீர்தானே, குடிக்கிற தண்ணீர் வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கிணறு அவருடையது, தேவை என்னுடையது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்.

"நான் இல்லாதப்ப இறங்கக் கூடாது. உள்ள செத்துக் கித்துப் போனீங்கன்னா எனக்குத்தான் சார் கேஸு."

அன்றைக்கே இறங்கினேன். நாலு சுவரையும் ஒட்டிச் சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்று திட்டம். துறையூர் பஸ் ஒன்று ரோட்டில் ஹார்ன் அடித்துப் போனபோது ஆரம்பித்தேன். அடுத்த பஸ் போகும்வரை நீந்தினால் கடலுக்குப் போதும் என்று கணக்கு. அடுத்த பஸ் வரவே இல்லை. கை கனத்தது, தோள் எரிந்தது, நெஞ்சு அடைத்தது. படியைப் பிடித்து ஏறி உட்கார்ந்து நாய் மாதிரி இரைத்தேன். அவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, பஸ் இன்னும் பாதி வழிகூட வந்திருக்காது என்றார்.

அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது. அத்தனை மாதமும் நீந்தியது நானில்லை. காவிரி என்னைத் தூக்கிக்கொண்டு வந்து ஓடத்துறையில் இறக்கிவிட்டிருக்கிறது. நான் மேலே படுத்துக் கையை வீசிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஓடாத இடத்தில் என் யோக்கியதை இவ்வளவுதான். அவமானத்தில் காது சூடாகிவிட்டது. ஆற்றங்கரையில் பிறந்தவனைத் தவிர வேறு எவனும் இப்படி ஏமாந்திருக்கமாட்டான். கரையில் ஓர் ஆள் கூடவே நடந்து வந்திருந்தால், நீந்துகிறவன் நடக்கிறவனை முந்துவதைப் பார்த்தே இது ஆற்றின் வேகம் என்று சொல்லியிருப்பான். சொல்வதற்கு எனக்கு யாரும் இல்லை.

ஈஸ்டருக்குச் சில மாதமே இருந்தது. விடியுமுன் தென்னூரை விட்டுக் கிளம்பி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சைக்கிள் மிதித்துக் கிணற்றுக்கு வந்து, நீந்தி முடித்து, ஆபீஸ் நேரத்துக்குத் திரும்பிவிடுவேன். மோட்டாருக்குக் கரண்ட் வருகிற நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். கரண்ட் வந்துவிட்டால் நான் வெளியே வந்துவிட வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் வேறு. பசி தாங்காமல் வெள்ளிக்கிழமையும் முட்டை சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கார அம்மா என் ஆத்துமத்தைப் பற்றி மாடிப்படியில் நின்று கவலைப்படுவார்.

கிணற்றில் நீந்துவதைப் போன்ற தனிமை எனக்கு வேறு எங்கும் வாய்த்ததில்லை. மேலே சதுரமாகக் கொஞ்சம் வானம். சுவரில் பட்டு என் மூச்சே எனக்குத் திரும்பி வரும். பத்துச் சுற்று ஒரு பக்கம் போனால் தலை சுற்றும். பிறகு மறுபக்கம் திரும்ப வேண்டும். கல்லிடுக்கில் புறா ஒன்று அடைகாத்தது. தண்ணீர்ப் பாம்பு ஒன்று எதிரே வரும். முதலில் நான் ஒதுங்கினேன், பிறகு இருவருமே ஒதுங்கவில்லை. போட்டி எதற்கு, யாருக்குக் காட்ட இதெல்லாம் என்று நினைப்பு ஓடும். செத்தால்கூட ஆபீசில் பத்து மணிக்கு மேல்தான் தேடுவார்கள். இப்படி நினைத்து நினைத்துக் கண்ணீர் வந்த நாட்களும் உண்டு. தண்ணீருக்குள் அது ஒரு வசதி.

கிணற்றுக்காரர் சொன்ன சொல் தவறாமல் மேலே உட்கார்ந்திருப்பார். கேசுக்குப் பயந்துதான். கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார். நான் மூச்சுக்கு முகத்தைத் திருப்பும்போது மட்டும் ஒரு துண்டு காதில் விழும்; முகம் தண்ணீருக்குள் போனதும் அறுந்துவிடும். மச்சினன் நிலத்தில் வரப்பை வெட்டிவிட்டான் என்று விழும். அடுத்த மூச்சில் பார்த்தால் மோட்டார் எரிந்துபோனதில் வந்து நிற்பார். அதற்கடுத்த மூச்சில் பெண்சாதி கோபித்துக்கொண்டு மண்ணச்சநல்லூருக்குப் போய்த் திரும்பி வந்திருப்பாள். எது எதனால் நடந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. நான் பதில் சொன்னதும் இல்லை; வாயைத் திறந்தால் தண்ணீர். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. நன்றாகச் சலித்துக்கொள்கிற மனிதர். செக்கு மாடாவது எண்ணெய் கொடுக்கும், நீங்க சுத்தி என்னத்தக் கண்டீங்க என்று கேட்பார். பங்குனி வெயில் ஏறியபோது ஒரு நாள் இரண்டாவது பஸ்ஸின் ஹார்ன் தண்ணீருக்குள்ளேயே எனக்குக் கேட்டது. கை இன்னும் வீசிக்கொண்டிருந்தது. மேலே அவர் எழுந்து நின்று ரோட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்து கடலையை உரிக்க ஆரம்பித்தார்.

ஈஸ்டருக்கு வாழ்த்துச் சொல்லக் கே.கே. நகருக்குப் போனேன். சாப்பிட்டு முடித்ததும், அடுத்த சனிக்கிழமை எந்த வண்டியில் கிளம்பலாம் என்று அண்ணனிடம் கேட்டேன். அவருக்கு என்ன பேச்சு என்றே புரியவில்லை. புரிந்தபோது அண்ணியின் முகத்தைப் பார்த்தார்.

"அந்த ஞாயித்துக்கிழமைதானேடா பாப்பாவுக்குப் புதுநன்மை. நீ வரப் போறதில்லையா?"

பாப்பா அவருடைய மூத்த பெண். முதல்முறையாக நற்கருணை வாங்கப்போகிறவளுக்கு வெள்ளைக் கவுன் தைத்துச் சுவரில் மாட்டியிருந்தது, பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, யார் யாரை அழைப்பது என்று பேசி முடித்தாகிவிட்டது. என்னிடம் மட்டும் யாரும் தேதி சொல்லவில்லை. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். சித்தப்பா வருவாங்கல்ல என்று பாப்பா அம்மாவிடம் கேட்டாள். குழந்தைமேல் எனக்கு என்ன கோபம்? ஆனால் அண்ணி கொண்டுவந்த காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். சைக்கிளில் ஏறிய பிறகும் காரணமில்லாமல் மணியை அடித்துக்கொண்டே போனேன். தென்னூர் வந்து சேர்வதற்குள் வருத்தமும் வந்து சேர்ந்துவிட்டது. இத்தனை மாத உழைப்பு. தூரம் கைக்கு வந்துவிட்டது, ஆள் வரவில்லை. நான் நீந்துவேன் என்பதைப் பார்க்க ஓர் ஆள் இல்லாததால் நான் நீந்த முடியாது. இதற்கு மேல் ஒருவனை எப்படித்தான் தனியாக்குவது?

அந்த வாரமே ஒரு காலை திருவெள்ளறைக்குப் போனேன். நீந்துவதற்காக இல்லை. இத்தனை மாதம் கிணற்றை விட்டவரிடம் சொல்லாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. இனிமேல் வரமாட்டேன் என்றேன். போட்டி முடிந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, என்னால் போக முடியாது, கரையில் நிற்க ஓர் ஆள் கூட்டிவரச் சொல்கிறார்கள், அண்ணன் வருவதாக இருந்தது, வரவில்லை என்றேன். சிவப்புத் துணி விஷயத்தையும் சொன்னேன். அவர் மடியிலிருந்த கடலையை உரித்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆளு அங்க என்ன சார் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். என்னைப் பாத்துக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான்."

"அதைத்தானே நான் இத்தனை மாசமாப் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

அண்ணனிடம் கேட்டேன், ஆபீசில் கேட்டேன், கோயிலில் கேட்டேன்; நாள் தவறாமல் என் தலைக்கு மேலே உட்கார்ந்திருந்த மனிதரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் கேசுக்குக் காவல் இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருவேளை அதற்காகவேகூட இருந்திருக்கலாம். அவர் அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். மோட்டாரை இரண்டு நாள் பெண்சாதி பார்த்துக்கொள்வாள். கடலை இதுவரை பார்த்ததில்லை, பார்த்த மாதிரியும் ஆயிற்று. துண்டு மட்டும் சிவப்பில் வேண்டாம், அந்தக் கட்சி என்று நினைத்துவிடுவார்கள் என்றார். விதி அப்படி என்று சொல்லிச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பஸ் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மெட்ராஸ் போனோம். வழியெல்லாம் கடலைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். மறுகரை தெரியுமா, சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும், ஆற்றுத் தண்ணீர் எல்லாம் போய் விழுந்தும் ஏன் இனிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எனக்கும் அதிகம் தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போனபோது கணுக்கால் நனைத்ததுதான்.

கடற்கரையில் பந்தல் போட்டு நாற்காலி வைத்திருந்தார்கள். துணைக்கு வந்தவர்கள் அதில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்கள். பெரும்பாலானவர்கள் பெற்றோர், பயிற்சி கொடுத்தவர்கள். இவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிவப்புத் துண்டை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். துண்டை எப்போது தூக்க வேண்டும், தூக்கினால் என்ன ஆகும் என்று ஒருவர் வந்து எல்லோருக்கும் விளக்கினார். தெரியாமல்கூடத் தூக்கிவிடாதீர்கள், உங்கள் ஆளின் போட்டி போய்விடும் என்றார். இவர் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

விசில் ஊதியதும் அலைக்குள் ஓடினோம். முதல் அலையைத் தாண்டுவதற்குள் காலும் கையும் யாருடையது என்று தெரியாத அளவுக்கு இடிபட்டேன். உப்பு மூக்கில் ஏறியது. கரைக்கு இணையாக, தூரத்தில் கட்டியிருந்த கொடியை நோக்கிப் போக வேண்டும். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் மட்டும் இருந்தேன். கிணற்றில் சுவராவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை. அலை தூக்கும்போது மட்டும் கரை தெரியும், இறக்கும்போது தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. இவ்வளவு பெரிய தனிமையை நானேதான் தேடி வந்தேனா என்று பயந்துபோனேன்.

மூச்சுக்குக் கரைப் பக்கமாகத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஒரு முறை அலை தூக்கியபோது, பந்தல் வெகுதூரம் பின்னால் போயிருந்தது. ஆனால் எனக்கு நேரே, ஈர மணலில், ஒரு வெள்ளை வேட்டி. அடுத்த மூச்சில் பார்த்தேன். அப்போதும் எனக்கு நேரே. அதற்கடுத்த மூச்சிலும். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கடல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் கால் மாற்றி மாற்றி, என் வேகத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். வேறு யாரும் கரையில் அப்படி நடக்கவில்லை. வாய் மட்டும் அசைவது போலத் தெரிந்தது. மச்சினனைப் பற்றியா, மோட்டாரைப் பற்றியா, அலைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

கொடிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஓர் அலை வாய்க்குள் முழுசாகப் போய்விட்டது. இருமினேன், இரும இரும இன்னும் போனது. இடது கால் கெண்டை பிடித்துக்கொண்டு கல்லாகிவிட்டது. கை நின்றுவிட்டது. தலை ஒரு முறை உள்ளே போய் வந்தது. கரையில் அவர் நின்றுவிட்டார். கக்கத்திலிருந்து துண்டை உருவினார். இடுப்பளவு தூக்கினார். நெஞ்சளவு வந்தது. அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார். காற்றோ, என் கண்ணில் தண்ணீரோ, துண்டு ஆடியது. இன்னும் கொஞ்சம் தூக்கினால் எல்லாம் முடிந்தது. தூக்காமல் விட்டு நான் செத்தால் அந்தப் பழி அவருடையது. கேஸ் என்று அவர் பயந்ததும் அதுதான். தூக்கிவிடேன் என்றும் இருந்தது, தூக்கிவிடாதே என்றும் இருந்தது. வலது கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து முன்னால் போட்டேன். பிறகு இடது கை. கால் பின்னால் சும்மா வந்தது. மூச்சுக்குத் திரும்பிப் பார்த்தபோது துண்டு கீழே இறங்கியிருந்தது, அவர் மறுபடி நடக்க ஆரம்பித்திருந்தார்.

கொடிக்கு நேரே காலில் மணல் தட்டியதும் எழுந்தேன், விழுந்தேன், தவழ்ந்துதான் வந்தேன். எனக்குப் பின்னால் தண்ணீரில் யாரும் இல்லை. அவர் தொடை வரை நனைந்த வேட்டியோடு அலையில் இறங்கி என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். துண்டைக் கயிறு மாதிரி முறுக்கி வைத்திருந்தார். இருவருக்குமே மூச்சு வாங்கியது. நன்றி என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"கடல் எப்படி இருக்குண்ணே?"

"அதை எங்க சார் பாத்தேன்? உங்களையில்ல பாத்துக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு, அப்போதுதான் என் தலைக்கு மேலாகக் கண்ணை எடுத்து, அதை முதல்முறையாகப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. சைக்கிள் அந்தப் பக்கம் என்று யாரோ என்னைப் பார்த்துக் கத்தினார்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.